ஞாயிற்றுக்கிழமைச் சைவச் சாப்பாடு

டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற கிரின்ஸ்டெட்டுக்கு அந்த வருடம் குளிர்காலம் வரவே இல்லை. மாசி மாதமாகியும் பனி விழவில்லை, காலையில் எழும்பிக் கார்க் கண்ணாடியைச் சுரண்டும் வேலை இல்லை. பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் அரைக்கைச் சட்டையோடு தோட்டத்துக் கதிரையில் இருந்து கோப்பி குடித்தார். எல்லோரும் காலநிலையைப் பற்றியே கதைத்தார்கள். எனக்கு வெயிலும் ஒன்றுதான், பனியும் ஒன்றுதான். என் தம்பி இலங்கையில், வன்னிக்குள் இருந்தான். சண்டை முடிகிற காலம் அது. சனத்தையெல்லாம் கடற்கரைப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போகிறார்கள் என்று செய்தி சொன்னது. அவன் என்னோடு கடைசியாகக் கதைத்து முப்பத்தெட்டு நாள். யாரோ ஒருவருடைய சற்றலைற் போனில் இரண்டே நிமிடம். "அக்கா, இருக்கிறம். திருப்பி எடுக்கிறன்" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக வீட்டுப் போனுக்குப் பக்கத்தில் கிடந்தேன்.

கிடந்தேன் என்றால், வேலைக்கும் போனேன்தான். போத்தல் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில், ஓடிவருகிற மூடிகளைப் பார்த்துப் பழுதானதைக் கழிக்கிற வேலை. எட்டு மணித்தியாலம் மூடி பார்த்துவிட்டு வந்து சமைத்தேன், மற்றவர்கள் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன். அழுகை வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது, கிள்ளினாலும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் சொன்னார்: "இண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் நடக்கப் போவம்."

"எங்கை?"

"அந்த மணல் பள்ளத்துக்கு. வேலையிடத்தில ஒருத்தன் சொன்னவன், நல்ல வடிவாம்."

"நடக்கிறதுக்கு முக்கால் மணித்தியாலம் கார் ஓடிப் போறதோ? விசரே உங்களுக்கு? போன் வந்தா ஆர் எடுக்கிறது?"

"பிள்ளை நிண்டு எடுப்பாள்."

பிள்ளைக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுகிறவள், அதுவும் கதவுக்குப் பின்னால் இருந்து. அன்றைக்கு வாசல்வரை வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. சோழியன் குடுமி சும்மா ஆடுமா, புதுப் போன் கேட்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிச் சப்பாத்தை மாட்டினேன்.

காரில் ஏறிய பிறகுதான் பின்னாசனத்தில் சாப்பாட்டுப் பொதியைக் கண்டேன். விடியவே எழும்பிப் புட்டு அவித்திருக்கிறார். கல்யாணம் செய்த பதினேழு வருடத்தில் இந்த மனிசன் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்ததைத் தவிர அடுப்படியில் ஒரு வேலையும் பார்த்ததில்லை.

"என்ன, சூரியன் மேற்கால உதிச்சிட்டுதோ?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

காட்டுக்கு நடுவே நிலம் திடீரென்று உடைந்து கிடக்கிற இடம் அது. டெனிஷ்காரர்கள் தங்கள் போர்க்காலத்தில், வெளியிலிருந்து கரி வராதபோது, பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டத் தொடங்கிய குழிகளாம். தோண்டிக் கொட்டிய மணல் மலை மலையாக நிற்கிறது. நடுவில் ஆழமான பள்ளங்கள், இரண்டு பக்கமும் மஞ்சளும் சாம்பலுமாகச் செங்குத்தான மணல் சுவர்கள். அடியில் துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர், அதில் மீன் இல்லை, தவளை இல்லை. டென்மார்க்கில் பாலைவனம் இருக்கிறது என்று யாராவது முதலே சொல்லியிருந்தால் பகிடி விடுகிறார்கள் என்றிருப்பேன். மண் சரியும் என்று எச்சரித்துப் பலகைகள் போட்டிருந்தார்கள். மற்ற வருடங்களில் மாசியில் அந்த மணல் உறைந்து கல்லாகிவிடுமாம். அந்த வருடம் ஈரமாக இளகி, சுவர்களிலிருந்து சரசரவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. எதிரே வந்த வயதான டெனிஷ் சோடி ஒன்று, அரைக்காற்சட்டையோடு, "என்ன அருமையான காலநிலை!" என்றது. ஓம் என்றேன்.

பத்தரைக்கே அவர் தொடங்கிவிட்டார். "சாப்பிடுவமே?"

"இப்பதானே தேத்தண்ணி குடிச்சனாங்கள்."

அரை மணித்தியாலத்தில் திரும்பவும் கேட்டார். ஒரு மரவாங்கைக் கண்டதும் என்னைக் கேட்காமலே இருந்து, பொதியை மடியில் வைத்துப் பிரித்தார். புட்டு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, பொரித்த மிளகாய். நான் குனிந்து பார்த்தேன். இறைச்சி இல்லை. மீன் இல்லை. ஒரு முட்டைப் பொரியல்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி இல்லாமல் பொழுது போனதில்லை. விரத நாளிலேயே "நாளைக்கு என்ன கறி?" என்று கேட்கிற மனிசன் இவர். இவர் ஞாயிற்றுக்கிழமை தன் கையாலே சைவம் சமைத்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். குடும்பத்தில் யாரோ செத்திருக்கவேண்டும். செத்த வீட்டுக்காரர் மச்சமாமிசம் தொடமாட்டார்கள். எனக்குச் சொல்லாமல் ஒளித்துவைத்த சாவுத் துடக்கை, பாவம், சாப்பாட்டுப் பொதியில் ஒளிக்கத் தெரியவில்லை.

மற்றதும் அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியை இரத்த உறவுக்கு நேரே சொல்லமாட்டார்கள். புருசனுக்கோ மச்சானுக்கோ சொல்லுவார்கள். அவரும் வெறும் வயிற்றில் சொல்லமாட்டார். முதலில் சாப்பிட வைக்கவேண்டும், ஏனென்றால் கேட்ட பிறகு நாலு நாளைக்குத் தண்ணீரும் இறங்காது. அப்பா இறந்தபோது எனக்கு அப்படித்தான் நடந்தது. அப்போது இங்கே அகதி முகாமில் இருந்தேன். பக்கத்து அறை அக்கா "சாப்பிடு, சாப்பிடு" என்று நாலு இடியப்பத்தை எனக்குத் தின்னக் கொடுத்து, கை கழுவ விட்டு, அதன் பிறகுதான் சொன்னார்.

பொதியின் ஈயத்தாளை மூடினேன். "எனக்குப் பசிக்கேல்லை" என்று எழும்பி நடந்தேன்.

நான் சாப்பிடாதவரை இவர் சொல்லமாட்டார். இவர் சொல்லாதவரை தம்பி இருக்கிறான். விசர்க் கணக்குத்தான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் எனக்கு வேறு கணக்குத் தெரியவில்லை.

அதுவரை அவர் முன்னால், நான் பின்னால். இப்போது நான் முன்னால். பள்ளத்துக்குள் இறங்கினேன், மணல் மேட்டில் ஏறினேன், மறுபக்கம் இறங்கினேன். ஒரு காலடி வைத்தால் அரைக் காலடி பின்னுக்குச் சறுக்கியது. "அங்கால போகாதையும், பலகை போட்டிருக்கு" என்று பின்னால் கத்தினார். தம்பியை நினைத்தேனா என்றால் இல்லை. வெங்காயம் முடிந்துவிட்டது, வாங்கவேண்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை நீல மூடியா சிவப்பு மூடியா ஓடும் என்று நினைத்தேன். கால் வலித்தது. அது யாருடையதோ கால் போல இருந்தது.

பிறகு வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. பின்தெருவில் இருக்கிற தமிழ் அக்கா ஒருவர், கறிவேப்பிலையைக்கூட எண்ணிப் பார்த்துத் தருகிறவர், அன்றைக்கு ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொண்டுவந்து சும்மா தந்துவிட்டுப் போனார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்படியென்றால் ஊருக்கே தெரியும்! என் பிள்ளைக்கும் தெரியும்! எல்லோரும் தெரிந்துகொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், நானும் பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. அந்த நாள் முழுக்க எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான்.

ஒரு மணிக்கு அவர் மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் நின்றார். "இஞ்சாரும், நான் உமக்கு ஒண்டு சொல்ல வேணும்."

"நான் இன்னும் சாப்பிடேல்லை."

என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வழக்கத்தை மீற அவருக்கும் துணிவில்லை. பொதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பவும் என் பின்னால் நடந்தார். அப்படி இன்னும் இரண்டு மணித்தியாலம் நடந்தோம். வெயில் எங்கள் முதுகில் அடித்தது.

மூன்று மணிபோல் பின்னால் காலடிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். சரிவில் மணலிலே இருந்துவிட்டார். கிட்டப் போய்ப் பார்த்தால் நெற்றியெல்லாம் வியர்வை, கைவிரல்கள் நடுங்கின. அவருக்குச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, என்னோடு சேர்ந்து தானும் ஒன்றும் சாப்பிடாமல் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்.

"கடவுளே! உங்களுக்கு மூளை இருக்கே? சாப்பிடுங்கோ முதல்!" பொதியைப் பிடுங்கிப் பிரித்து, புட்டையும் கிழங்கையும் பிசைந்து அவர் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

முகத்தைத் திருப்பினார். "முதல் நீர்."

"பிடிவாதம் பிடிக்கிற நேரமே இது? கை நடுங்குது உங்களுக்கு."

"நீர் சாப்பிடாமல் நான் சாப்பிடமாட்டன்" என்றார். சொல்லும்போதே வாய் குழறியது.

செத்தவனைப் பிடித்துவைத்திருக்க, இருக்கிற மனிசன் என் கண்ணுக்கு முன்னால் சரிந்துகொண்டிருந்தார். கையில் இருந்த கவளத்தை என் வாயில் போட்டேன். மென்றேன், விழுங்கினேன். அடுத்த கவளத்தை அவருக்குத் தீத்தினேன். அப்படியே மாறி மாறி. பிரட்டலில் உப்புக் கூடியிருந்தது, புட்டு அங்கங்கே மாக்கட்டி. ஆனால் ருசியாக இருந்தது. எனக்கு அவ்வளவு பசி இருந்திருக்கிறது. அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன், விரலைக்கூட நக்கினேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவருடைய நடுக்கம் குறைந்தது. போத்தல் தண்ணீரில் கை கழுவி, சேட்டில் துடைத்தேன்.

"நான் சாப்பிட்டிட்டன். இனிச் சொல்லுங்கோ."

"தம்பி..." என்றார்.

"எண்டைக்கு?"

"போன திங்கள். ஷெல் விழுந்ததாம். உடனயாம். லண்டனில இருந்து உம்மட பெரியம்மான்ர மகன் எடுத்துச் சொன்னவன்."

திங்கட்கிழமை நான் சிவப்பு மூடி பார்த்தேன். அன்றைக்கு ஒரு பிறந்தநாள், வேலையிடத்தில் கேக் வெட்டினோம்.

என் தம்பியை இவர் நேரில் கண்டதே இல்லை, போனில் குரல் மட்டும்தான் தெரியும். ஆனாலும் தம்பிக்காக முதலில் அழுதது இவர்தான். மணலில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரிக் குலுங்கினார். எனக்குக் கண்ணில் ஒரு துளி வரவில்லை. அவர் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாய் கிடக்குது, சாப்பிடுங்கோ" என்றேன்.