பிள்ளைகள் சத்தமில்லாமல் தூங்கிய மதியம்

பச்சைத் தேயிலை விலை அடிமட்டத்துக்கு விழுந்து, குன்னூர் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் இலை பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் போன வருஷங்கள் அவை. என் கணவர் மஸ்கட்டில் வேலை தேடிக்கொண்டு போனார். பின்னாலேயே நானும் போனேன். பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் பிறந்தார்கள். பையனுக்கு நாலு வயதும் பெண்ணுக்கு ஒன்றரை வயதும் ஆகியிருந்தபோது, ஒரு ஜூலை மாதம் லீவில் ஊருக்கு வந்தோம். வருகிற வழியில், நடுவட்டத்தில் ரோட்டோரமாக இருந்த ஒரு சின்ன ஹோட்டலில் நடந்தது இது.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை ஹோட்டலுக்குப் போவதுதான் எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று பெயர்தான்! பையன் மேஜைக்கு அடியில் புகுந்து, பக்கத்து மேஜைக்காரரின் செருப்பைத் தூக்கிக்கொண்டு வருவான். சின்னவள் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டுவிட்டு, நான் திட்டுவதற்கு முன்பே வீறிட்டு அழுவாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், மானம் போகும். ஒருவர் சாப்பிட்டால் மற்றவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, சூடாக ஒரு வாய் சாப்பிட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

கோழிக்கோட்டில் இறங்கி, நாடுகாணி வழியாக மலை ஏறினோம். வண்டி ஓட்டியவர் கூடலூர்க்காரர். எஸ்டேட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பேக்டரியை மூடியதும் வாடகைக் கார் ஓட்ட வந்துவிட்டார். மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். பையன் வாந்தி எடுத்ததற்கு முணுமுணுப்பு, சின்னவள் அழுததற்கு முணுமுணுப்பு. நானும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

கூடலூர் தாண்டி நடுவட்டம் வந்தபோது மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரெல்லாம் வண்டி மேலே கட்டிய பெரிய பெட்டிக்குள் இருந்தது. பிள்ளைகள் மெல்லிய சட்டையில் வெடவெடவென்று நடுங்கினார்கள், பசி வேறு. நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"இங்க நிறுத்துனா, உங்கள ஊட்டுல உட்டுட்டு நான் எப்பங்க திரும்பறது அம்மணி?" என்று டிரைவர் எரிந்து விழுந்தார்.

"பிள்ளைங்க பசியோட இருக்குதுங்க. கொஞ்ச நேரம் நின்னா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஹோட்டலில் ஈ, காக்கை இல்லை. முன்பெல்லாம் சம்பள நாளில் எஸ்டேட் ஆட்களால் நிரம்பி வழிகிற இடம். ஹோட்டல்காரர் எங்களைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்காரர்கள் வந்ததுபோல் ஓடி வந்தார். ஆளே வராததால் உலைகூட வைக்கவில்லையாம். "இப்ப வடிச்சுப் போடறனுங்க, உக்காருங்க" என்று, வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த ஃபேமிலி ரூமைத் திறந்துவிட்டார். சின்ன அறை. ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை வைத்து ஆணி அடித்திருந்தார்.

பிள்ளைகள் பல் கிட்டிப் போய் உட்கார்ந்திருந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. ஓர் இரும்புச் சட்டி நிறையக் கரி நெருப்பைக் கொண்டுவந்து அவர்கள் காலடியில் வைத்தார். விலை இல்லையென்று பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடியின் கரி அது. "காத்து உள்ள வந்தா பிஞ்சு ஒடம்பு தாங்காதுங்க" என்று கதவையும் இறுகச் சாத்திவிட்டுப் போனார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டோம்.

அறை இதமாகச் சூடேறியது. பையன் பெஞ்சில் சுருண்டு தூங்கிவிட்டான். சாப்பாடு வருவதற்குள் சின்னவளும் என் மடியில் தூங்கிப்போனாள், அவளையும் அவன் பக்கத்தில் கிடத்தினேன். என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆவி பறக்கும் சோறும் முட்டைக் குழம்பும் வந்தன. கதவு திரும்பவும் சாத்தப்பட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் கை ஓய்வாக இருந்தது. தலை மட்டும் பாரமாக இருந்தது. மலை ஏறி வந்த கிறுகிறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவர் பாதிச் சோற்றோடு கையில் தலையைச் சாய்த்திருந்தார். பாவம், அலுப்பு என்று விட்டுவிட்டேன். நானும் சுவரில் சாய்ந்தேன். அப்படி ஒரு நிம்மதி!

கதவு படாரென்று திறந்தது. டிரைவர்.

"ஏனுங்க, விருந்துக்கா வந்தீங்க? மிஸ்ட் எறங்கிருச்சு, ரோடே தெரியல!"

கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறாரே என்று நாலு வார்த்தை கேட்க எழுந்தேன். கால் மடங்கி, பெஞ்சில் விழுந்தேன். டிரைவரின் முகம் மாறியது. சட்டியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். இரண்டு பேரையும் இரண்டு கையில் வாரிக்கொண்டு வெளியே மழைக்கு ஓடினார். ஹோட்டல்காரர் எங்கள் இருவரையும் இழுத்துப் போட்டார்.

மழை பட்டதும் பையன் வாந்தி எடுத்து முனகினான். சின்னவள் துவண்டு தொங்கினாள். மலைக்கு மேலே பனிமூட்டம் என்பதால் டிரைவர் வண்டியைக் கூடலூருக்கே திருப்பினார். கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் கத்திக்கொண்டே ஓட்டினார். "தூங்க உடாதீங்க! கிள்ளுங்க அம்மணி, அழ வைங்க!"

எத்தனை ஹோட்டலில் அவளிடம் அழாதே, அழாதே என்று கெஞ்சியிருப்பேன்! அன்று, "அழுடி கண்ணு, அழுடி" என்று கதறிக்கொண்டே என் பிள்ளையின் தொடையைக் கன்றிப் போகும்படி கிள்ளினேன். அவள் அழவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்கள் நாலு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். என் கணவரும் பையனும் சீக்கிரமே தெளிந்துவிட்டார்கள். மூடிய அறையில் கரி நெருப்பு வைத்தால் வாசனை இல்லாமலே விஷம் ஏறும், குளிர் காலத்தில் சிலர் உயிர் போன பிறகுதான் இங்கே வந்து சேருகிறார்கள் என்றார் டாக்டர். பொழுது சாய்ந்த பிறகுதான் சின்னவள் கண் திறந்தாள். நடக்கத் தொடங்கியிருந்தவள், அதன்பின் மறுபடி தவழ்ந்தாள். திரும்ப நடக்கப் பல மாதம் ஆனது.

ஹோட்டல்காரர் பஸ் பிடித்து வந்து, நனைந்தபடி வார்டு வாசலில் நின்றார். கிழித்துத் தோரணம் கட்டிவிட வேண்டும் என்றுதான் எழுந்து போனேன்.

"கொளந்தைகளுக்குக் குளிருமேன்னுதானுங்க வெச்சேன்" என்று அழுதார். "நானும் என்ர சம்சாரமும் தெனம் அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தானுங்க தூங்கறோம்."

என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ! "இனிமே வெக்காதீங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

டிரைவர் அன்று வீட்டுக்குப் போகவில்லை. வராந்தாவிலேயே முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்குக் கொஞ்சம் பொறுமை இருந்திருந்தால், எங்கள் வீட்டில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டோம்.

இன்றைக்கும் ஏதாவது ஹோட்டலில் பக்கத்து மேஜைக் குழந்தை வீறிட்டு அழுது, அதன் அம்மா கூனிக் குறுகி, எல்லோரும் திரும்பி முறைக்கும்போது, எனக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருக்கிறது.