இரக்கப்பட்டுச் சொன்ன மாலியே

வவாவு தீவில் அஹோகவாவின் வாயிலிருந்து ஒரு 'மாலியே' வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிரசங்கம் மனசைத் தொட்டால் சபையில் இருப்பவர்கள் அங்கங்கே "மாலியே" என்று குரல் கொடுப்பார்கள். பிரமாதம் என்று அர்த்தம். மற்றவர்கள் அதை வாரி இறைப்பார்கள். இந்த மனுஷன் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். "தேவ வார்த்தையை அரைவேக்காடா கொண்டு வந்தா நான் ஏன் பாராட்டணும்?" என்பார். திமிர்தான். ஆனால் திமிருக்கேற்ற சரக்கும் அவரிடம் இருந்தது. முப்பத்தெட்டு வருஷமாக வாரம் முழுக்க வள்ளிக்கிழங்குத் தோட்டம், ஞாயிறானால் பிரசங்க மேடை. அதற்குச் சம்பளம் கிடையாது.

எழுபத்தொன்றாம் வயதில் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு தேறின, நாக்கு தேறவில்லை. மனசுக்குள் முழுசாக நிற்கும் வசனம் வாய்க்கு வருவதற்குள் பாதி உதிர்ந்துவிடும். மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். சோறு தண்ணிதான் இறங்கவில்லை. பேச்சைப் பிடுங்கிக்கொண்ட தேவன் தன்னை எதற்கு இன்னும் வைத்திருக்கிறார் என்ற கேள்வி அவரை உள்ளே அரித்தது. காலாண்டுப் பிரசங்கப் பட்டியலில் தன் பெயரைக் காணாமல் போதகர் சிஃபாவின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பேரு... போடு."

"உடம்பு இன்னும் கொஞ்சம் தேறட்டுமே ஐயா."

"பேரு."

சிஃபா இளகிய மனசுக்காரர். போட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு, சபைக்குப் போகும்போது மரியாதைக்காக உடைமேல் சுற்றும் இடுப்புப் பாயை மனைவி லோசலின்தான் அவருக்கு இறுக்கிக் கட்டிவிட்டாள். "தொண்டை அடைச்சா தண்ணி கேளுங்க. வீராப்பு காட்டிட்டு நிக்காதீங்க."

மேடையில் இரண்டு வரி நேராக வந்தது. மூன்றாவது வரியில் 'மன்னிப்பு' என்ற சொல் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வியர்த்துக் கொட்டியது.

பின்வரிசையில் யாரோ "மாலியே" என்றார். இன்னொருவர் சொன்னார். பிறகு சபை முழுக்க அதே குரல். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், யார் இல்லையென்றது? அவருக்கோ உடம்பெல்லாம் கூசியது. ஒன்றுமே சொல்லாதவனுக்கு மாலியேயா? உயிரோடு இருக்கிறவனுக்கே அஞ்சலி செலுத்துகிறார்களே என்று பட்டது. அத்தனை குரலுக்குள்ளும் லோசலினின் குரலைத் தேடினார். அது கேட்கவில்லை.

வீட்டில், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையை அவள் பரிமாறினாள். அவர் தட்டைத் தள்ளினார்.

"நீ... சொல்லல."

"எதை?"

"மாலியே."

லோசலின் கிழங்குத் தோலை உரித்தபடியே இருந்தாள். "நல்லா இருந்தா சொல்லியிருப்பேன். மூணாவது வரியில நின்னுட்டீங்க. அதுக்கு எதுக்கு மாலியே? அடுத்த தடவை ஒழுங்காப் பேசுங்க, சொல்றேன்."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊர் அவரை நோயாளியாக்கிவிட்டது. இவள் ஒருத்திதான் இன்னும் பிரசங்கியாராக வைத்துக் குறை சொல்கிறாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டாவது... வரி?"

"அது பரவாயில்ல," என்றாள்.