கை நனைக்காத வீடு

என் அம்மா ராமேஸ்வரத்தில் ஒரு சத்திரத்தில் மாவாட்டினாள். யாத்திரைக்காரர்கள் தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு வந்து இட்லிக்கு உட்காருவார்கள். அந்த இட்லிக்காக முந்தின நாள் மத்தியானமே ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்திருப்பாள் அவள். அப்பா இறந்த மாதம் சேர்ந்த வேலை. நான் டீச்சர் டிரெயினிங் முடித்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

வயது ஏற ஏற அவளுடைய வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. சத்திரத்து மேனேஜர் தன்மையாகத்தான் சொன்னாராம்: "தை அமாவாசைக் கூட்டம் முடியட்டும். அப்புறம் நீங்க வீட்டுல ஓய்வா இருங்க." எந்த வீட்டில் என்று அவர் கேட்கவில்லை. அவள் அத்தனை வருஷமும் படுத்தது சத்திரத்து விறகு அறைக்குப் பக்கத்தில். பென்ஷன் எல்லாம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு. இவளுக்குத் தட்டில் ஒரு சேலையும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தார்கள், கல்யாணத்துக்கு வந்தவளை வழியனுப்புவது போல.

நான் அப்போது ராமநாதபுரத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். என் கணவர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. என்னிடம் வருவதைத் தவிர அவளுக்குப் போக்கிடம் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பெற்றவர்கள் மகள் வீட்டில் கை நனைப்பதில்லை. பேரன் பிறந்தால் அந்தக் கட்டு தளரும். எங்களுக்குக் குழந்தை இல்லை. என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் சத்திரத்துப் புளிச்சோற்றை இலையில் கட்டிக்கொண்டு வந்து, ஸ்டேஷனிலேயே சாப்பிட்டு முடித்து, என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை போய் அழைத்து வந்தேன். தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது அவள் கேட்டாள்.

"வாரேன் சரி. எங்கன சோறு திங்கிறது?"

"நம்ம வீட்டுலதான்."

"அது ஒம் புருசன் வீடுத்தா."

வாரம் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திய அலுப்பு. ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் என் கணவர் வாசலுக்கு வந்து நின்றார். "வாங்க அத்தை. இது உங்க வீடு மாதிரி."

அம்மா அவர் முகம் பார்த்துப் பேச மாட்டாள். கதவோரம் ஒதுங்கி நின்று என்னிடம் சொன்னாள்: "மாவாட்ட, வாசக் கூட்ட ஆளு வேணுமான்னு மாப்பிள்ளையக் கேளு. ரெண்டு வேளச் சோறு, தீவாளிக்கு ஒரு சேல. வேற ஒண்ணும் வேணாம்."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. மகள் வீட்டில் சும்மா சாப்பிட்டால்தான் குற்றம். வேலை செய்து வாங்கும் சோறு கூலி. வழிநெடுக இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அழுதிருக்க வேண்டும், ஆனால் அதற்கும் அலுப்பாக இருந்தது. "வேணும்னு சொல்லுங்க" என்றேன். "வேணும் அத்தை" என்றார் அவர். அப்படித்தான் பெற்றவளை வேலைக்கு வைத்தேன்.

வீங்கிய கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் குழவியைச் சுற்றுவாள். நான் இட்லியைக் குறைத்துப் பார்த்தேன். உடனே அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். ஒருநாள் அவள் எழுவதற்குள் நானே வாசல் கூட்டிவிட்டேன். "ஏஞ் சோத்துல கைய வைக்காத" என்றவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆத்தாளை வேலைக்காரியாக வைத்திருக்கிறாள் என்று தெருவில் பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன். உண்மையும் அதுதானே.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பாயை விட்டு எழ முடியவில்லை. கஞ்சி கொண்டுபோனேன்.

"வேணாம். இன்னைக்கு வேல செய்யல."

"காய்ச்சல்ல என்னம்மா வேலை?"

"சத்திரத்துலயும் படுத்த அன்னைக்குச் சோறு கேட்டதில்ல."

சாயங்காலம் வரை கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. கணவர் வந்து சொல்லியும் கேட்கவில்லை. கெஞ்சிக் கெஞ்சி எனக்குத் தொண்டை வறண்டது. கோபமும் வந்தது, பயமும் வந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்துக் குரலில் சொன்னேன்: "இங்க பாரும்மா. எங்க ஸ்கூல்ல காய்ச்சல்னா சம்பளத்தோட லீவு உண்டு. இந்த வீட்டுலயும் அப்படித்தான். மத்த இடத்து வழக்கமெல்லாம் இங்க கிடையாது."

"லீவுல இருந்தாலும் சம்பளமா?"

"ஆமா."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

வாசல்படியில் நின்றிருந்த அவர், "தெரியும் அத்தை" என்றார்.

சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, கஞ்சியை வாங்கிக் குடித்தாள். கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, "எத்தன நாளைக்கு உண்டு இந்த லீவு?" என்று கேட்டாள்.

"எத்தனை நாள் வேணும்னாலும்."

"அப்பிடி எவுக குடுப்பாக" என்றாள். விடிந்து நான் எழுந்தபோது, காய்ச்சல் விடாத உடம்போடு வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.