அரக்கு முத்திரைக்கு இந்தப் பக்கம்

நான் பார்த்த முதல் வேலை, பூட்டிய கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது. காலையில் சோற்று டப்பாவோடு போய் சாயந்திரம் வெறும் டப்பாவோடு திரும்புவேன். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் கிரிவலப் பாதையில் என்பேன். ஏதோ சாமி காரியம் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் போய்விடுவார்கள். விளக்கிச் சொல்ல அப்போது எனக்குத் தெம்பு இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்தது. வேறு மாநிலங்களில் ராட்டினம், படகு, சறுக்கு எல்லாம் வைத்துப் பெரிய பெரிய பூங்கா நடத்துகிறவர்கள். திருவண்ணாமலைக்கு வருகிற சனம் சாமி கும்பிட்டதும் பஸ் ஏறிப் போய்விடுகிறதே, அவர்களை ஒரு நாள் நிறுத்தி வைக்கலாமே என்று கணக்குப் போட்டார்கள். அடி அண்ணாமலையைத் தாண்டிக் கிடந்த புறம்போக்கை அப்போதைய அரசாங்கம் அவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. புராண உலகம் என்று ஏற்பாடு. அசுரன் வாய்க்குள் படகு போகும், தேர் மாதிரி ரயில் ஓடும், நடுவில் ஊரே பார்க்கிற உயரத்தில் ராட்டினம். வாசலில் இரண்டு சிமெண்டு பூதங்கள், தொந்தியும் கையில் கதையும் தொங்கிய நாக்குமாக. பிள்ளைகள் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

எனக்கு அங்கே டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரே வருஷத்தில் திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இருந்தவள் நான். வாழாவெட்டி என்று ஊரில் ஒரு சொல் உண்டு. முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாமல் விடுவதுமில்லை. கம்பெனி கொடுத்த மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது அந்தச் சொல் கொஞ்சம் பின்வாங்கியது. வேலைக்குப் போகிறவள் என்று சொல்லிக்கொள்ள முடிந்ததால்தான் எனக்கு அந்த வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கியது.

திறப்பு விழாவுக்குப் பந்தல்கூடப் போட்டாயிற்று. அதற்குள் ஆட்சி மாறியது. போன ஆட்சி போட்ட கையெழுத்து செல்லாது என்றது வந்த ஆட்சி. நிலத்தைக் காலி செய், கேளிக்கை வரியை முன்பணமாகக் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நோட்டீஸ். கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போனது. அமைச்சர் மேடையில், ராட்டினக்காரனுக்கு இந்த அரசு பயப்படாது என்றார். முதலாளி பேப்பரில், இப்படியே போனால் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவோம் என்றார். இரண்டு பேரும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்கள். தீர்ப்பு வரும்வரை கேட்டுக்கு சீல் வைக்க உத்தரவானது.

சீல் வைக்க வந்தவர் என் அண்ணன். அவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். பூட்டின் மேல் துணியைச் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரையை அழுத்தினார். நாங்கள் இருபது பேர் மஞ்சள் உடுப்பில் நின்று பார்த்தோம். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வழக்கம்போல இரண்டாவது தடவை ரசம் கேட்டார். நானும் ஊற்றினேன்.

வேலைக்காரர்கள் எங்களுக்காக வாதாடிய வக்கீல் ஒரு யோசனை சொன்னார். "கேட்ட விட்டு நகராதீங்க. தினம் வந்து உக்காருங்க. நீங்க வராம நின்னுட்டா, வேலைய விட்டுட்டு அவங்களா போயிட்டாங்கன்னு கம்பெனி சொல்லிடும். அங்க வேலையாளே கெடையாதுன்னு அரசாங்கம் சொல்லிடும். நீங்க உக்கார்ந்திருக்கிறதுதான் உங்க வேலை."

அப்படித்தான் உட்கார்ந்தோம். முதலில் இருபது பேர். அப்புறம் ஒருவர் மளிகைக் கடைக்குப் போனார், ஒருத்திக்குக் கல்யாணமானது, இருவர் பெங்களூருக்குக் கூலிக்குப் போனார்கள். கடைசியில் நானும் ராட்டினக்காரரும்தான். பெரிய ராட்டினத்தை ஓட்ட கம்பெனி பயிற்சி கொடுத்துக் கூட்டி வந்த ஆள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டு நிலத்து வேர்க்கடலையை மடியில் கட்டி வந்து நாள் முழுக்க உரித்துத் தின்பார், எனக்கும் கொடுப்பார். உள்ளே காற்றடித்து ராட்டினத்தின் கூண்டுகள் கிறீச்சிடும்போது மட்டும் உரிப்பதை நிறுத்திவிடுவார்.

"எண்ண போட்டு எத்தினி நாளாச்சு," என்பார்.

அண்ணன் வாரம் ஒரு முறை சைக்கிளில் வந்து சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்பார். "சரிங்க சார்" என்பேன். ராட்டினக்காரர் கடலையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார். வீட்டில் அண்ணிதான் அடக்காமல் கேட்பாள். "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை இன்னாத்துக்குக் காயுது?" கோபம் வரும். அண்ணி கெட்டவள் இல்லை, சொன்னதிலும் பிழை இல்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஜாஸ்தி ஆகும்.

அந்தக் காலத்தில் கிரிவலத்துக்கு இப்போது மாதிரி கூட்டம் கிடையாது. பௌர்ணமிக்குச் சுற்றுவட்டாரத்துச் சனங்கள் வருவார்கள். வழியில் லிங்கம், நந்தி, குளம், மண்டபம் என்று எதைப் பார்த்தாலும் நின்று ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுப் போகிற பழக்கம். ஒரு பௌர்ணமி சாயந்திரம் ஒரு அம்மாள் எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றாள். மூடிய வாசல், இரண்டு பக்கமும் பூதம், பூட்டில் சிவப்பாய் அரக்கு, பக்கத்தில் மஞ்சள் புடவையில் நான். அவள் முடிவுக்கு வந்ததில் தப்பே இல்லை. பூதத்தின் காலடியில் ஒரு கல்லின் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இது சாமி இல்லீங்க. கம்பெனிக்காரங்க வச்ச பொம்மைங்க" என்றேன்.

"பொம்மையா இருந்தா இன்னாம்மா? காவலுக்குத்தான நிக்குது" என்று சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த பௌர்ணமிக்கு நான்கைந்து பேர். அதற்கடுத்து குங்குமம், எலுமிச்சம்பழம், எண்ணெய் விளக்கு. யாரோ ஒரு புண்ணியவான் வலது பக்கத்துப் பூதத்துக்கு வேட்டி கட்டிவிட்டான். பூதசாமி என்று பெயரும் வந்துவிட்டது. இந்த இடத்துக்குக் கேஸ் நடக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரியுமாதலால், கேஸ் ஜெயிக்க வேண்டிக்கொள்ள ஏற்ற சாமி இதுதான் என்று கிளப்பிவிட்டார்கள். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று வழக்குள்ளவர்கள் எல்லாம் வந்து கேட்டுக் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். யாருக்கோ ஜெயித்தும்விட்டதாம், கிடா வெட்டிப் பொங்கல் வைத்தான். எங்கள் கேஸ் மட்டும் வாய்தாவுக்கு மேல் வாய்தா போய்க்கொண்டிருந்தது. சாமிக்குச் சொந்த வீட்டு வழக்கைக் கவனிக்க நேரமில்லை போலிருக்கிறது என்று ராட்டினக்காரர் சொன்னார். அவரும் ஒரு கயிறு கட்டியிருந்தார், நான் பார்த்தேன்.

எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது கோர்ட்டில் வேறு மாதிரி ஆனது. அது காலங்காலமாகச் சனங்கள் கும்பிடுகிற இடம், அங்கே ராட்டினம் ஓட்ட விட முடியாது என்று அரசாங்கத் தரப்பில் எழுந்து சொன்னார்கள். அதெல்லாம் நாங்கள் செய்து வைத்த பொம்மை என்றது கம்பெனி. அங்கே இருப்பது வழிபாட்டு இடமா இல்லையா என்று நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அது மேலிருந்து ஒவ்வொரு மேஜையாக இறங்கி, இறங்க வேறு மேஜை இல்லாமல் அண்ணன் மேஜையில் வந்து உட்கார்ந்தது.

அன்று வீட்டுக்கு வந்த அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார். "அங்க இன்னா இருக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"வாரா வாரம் நீங்கதான் வந்து பார்க்கிறீங்களே."

"நீ சொல்லு. நீதான் அங்கயே இருக்கிற."

"பூதம் இருக்குது."

அண்ணிக்கு உடனே புரிந்துவிட்டது. கோயில் என்று எழுதினால் அரசாங்கம் ஜெயிக்கும், என் வேலை போகும். பொம்மை என்று எழுதினால் தங்கச்சிக்காக எழுதினான் என்பார்கள், அவருக்கு ஆபத்து. "கோயிலுன்னே எழுதிடுங்க. ஊரே கும்பிடுது, நீங்க ஒருத்தர் கும்பிட்டா இன்னா? பசங்க இங்க படிக்குதுங்க" என்றாள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். பொம்மை என்று எழுதச் சொல்லிக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. கேட்காமல் ஒரு குடம் தண்ணீர் சேந்தினேன்.

அவர் பொம்மை என்றுதான் எழுதினார். கம்பெனி கட்டியது, கட்டி இத்தனை வருஷம்தான் ஆகிறது, பாதையில் போகிறவர்கள் தவறாக நினைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். இரண்டு மாசத்துக்குள் திருப்பத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ஊருக்கு மாற்றல் வந்தது. நிர்வாகக் காரணம் என்று போட்டிருந்தது. சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடியற்காலை போகிற ஆளாகிவிட்டார் அண்ணன். அண்ணி அதற்கப்புறம் எள்ளும் எலிப்புழுக்கையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவள் சும்மா இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில், எங்கே போனாலும் தங்கச்சிப் பாசம் என்று ஒருவர் பாராட்டுவார், இன்னொருவர் கம்பெனி அவனை நன்றாகக் கவனித்திருக்கும் என்பார். நான் அதன் பிறகும் தினம் போய்க் கேட்டின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் அதற்காகப் போயிருக்கும்போது நான் எப்படி எழுந்து வருவது?

பிறகு ஒரு நாள் சண்டை முடிந்துவிட்டது. யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவும் இல்லை. தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட சமயம். மெட்ராஸுக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் கம்பெனிக்கு வேறு இடம் கொடுத்தார்கள், கம்பெனி கேஸை வாபஸ் வாங்கியது. பேப்பரில் அமைச்சர் முதலாளிக்குச் சால்வை போர்த்துகிற படம். இரண்டு பேருக்கும் வாய் கொள்ளாத சிரிப்பு. ராட்டினத்தைக் கழற்றி லாரிகளில் ஏற்றினார்கள். பூதங்களைத் தொட யாருக்கும் தைரியமில்லை, விட்டுவிட்டுப் போனார்கள். கடைசிவரை கேட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் புது இடத்தில் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வக்கீல் வாதாடி வாங்கித் தந்தார். ராட்டினக்காரர் குடும்பத்தோடு முதல் வாரமே போய்விட்டார். நான் அண்ணனைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று அந்தச் சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன். போ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலை இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அவருக்குத் திருப்பத்தூர் பஸ், எனக்கு மெட்ராஸ் பஸ். அரசாங்கமும் கம்பெனியும் ராசியாகிவிட்டன, ஊரை விட்டுப் போவது நாங்கள் இரண்டு பேர். டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"எனக்காகத்தான உங்களுக்கு இந்தக் கஷ்டம்ணா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்காகன்னு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"ஊரு சொல்லும். அது பொம்மைம்மா. நீ அங்க உக்காரலன்னாலும் அது பொம்மைதான். வேற இன்னா எழுதச் சொல்ற?" பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்த்தார். "நீயும் அப்படித்தான் நினைச்சிக்கினு இருந்தியா?"

அவருடைய பஸ் வந்தது. ஏறி, உள்பக்கமாக ஒரு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்காகச் செய்தார் என்று நினைத்துத்தான் அவ்வளவு நாள் தூக்கமில்லாமல் இருந்தேன். அப்படி இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லை. அழுகைதான் வந்தது. அவருக்குக் கடைசிவரை சொந்த ஊருக்கு மாற்றல் கிடைக்கவே இல்லை. அவர் எழுதியது உண்மை என்பதற்காகவே எழுதினார் என்று நம்ப எங்கள் ஊரில் ஒரு ஆள்கூட இல்லை, கூடப் பிறந்த நானும் நம்பவில்லை.