இரண்டு பிள்ளைகளைப் பெற்ற ராஜேஸ்வரி

பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கைபேசி விடாமல் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். ராஜேஸ்வரியின் கணவர் சிவகுமார். "அக்கா, ராஜி போயிட்டாளுங்க. டயாலிசிஸ் நடந்துட்டு இருக்கறப்பவே நெஞ்சு நின்னு போச்சுங்களாமா" என்றார். வகுப்புக்குள் போய்ப் பிள்ளைகளிடம் சொன்னேன். சென்ற மாதம் வரை அவர்களுக்குக் கணக்கு நடத்தியவள் அவள்தான்.

கணபதியில் உள்ள எங்கள் பள்ளியில் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அவளோடு பழகிய எல்லோருக்கும் அவளுடைய நிதானம் தெரியும். தவறான விடை எழுதிய பிள்ளையைத் திட்டமாட்டாள். "எந்த எடத்துல வழி தப்புச்சுன்னு நீயே பாரு கண்ணு" என்பாள். அதனாலோ என்னவோ, பள்ளியில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர், "எத்தனை வலி வந்தாலும் வாய் திறக்காதவர்" என்று பேசினார். அது சரியில்லை. அவள் வாய் திறந்து அலறியதைப் பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். அவளுடைய தைரியத்தை நான் கண்டதும் அன்றைக்குத்தான்.

பதினான்கு வருடங்களுக்கு முன், அவள் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். எட்டாம் மாதம். ஒரு மதியம் ஆசிரியர் அறையில் தலைவலி தாங்கவில்லை என்றாள். முகம் உப்பியிருந்தது. கரும்பலகையில் எழுதியதே மங்கலாகத் தெரிந்ததாம். பேசிக்கொண்டிருக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தேங்காய் வியாபாரியான சிவகுமார் உடுமலைப்பேட்டை போயிருந்தார். நான் ஆட்டோ பிடித்து அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அவளுடைய மாமியாரும் நேராக அங்கே வந்துசேர்ந்தார்.

மருத்துவர் ஸ்கேன் கருவியை வயிற்றில் ஒரே இடத்தில் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு ராஜியின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "முன்னால இருக்கற கொழந்தைக்குத் துடிப்பு இல்லைம்மா. பின்னால இருக்கறது உயிரோட இருக்கு. உங்க ரத்தம் உறையற தன்மை ரொம்பக் கொறைஞ்சிருச்சு. இப்ப ஆபரேஷன் பண்ணுனா ரத்தம் நிக்காது. வலியும் முத்திருச்சு. நீங்களாத்தான் பெத்தெடுக்கணும்."

ராஜி மருத்துவர் பக்கம் தலையைத் திருப்பினாள். "உசுரோட இருக்கறது வரோணும்னா, போனது மொதல்ல வரோணுமுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"செரிங்க. என்ன பண்ணோணுமோ சொல்லுங்க."

என்னை உள்ளே இருக்க விட்டார்கள். உயிரில்லாத பிள்ளை என்று தெரிந்துகொண்டே அதைப் பெறுவதற்கு முக்கினாள். அலறினாள். "என்னால முடியலீங்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த வலி வந்ததும் மறுபடி முக்கினாள். கடைசியில் பையன் வந்தான். அழுகுரலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அறையில் எல்லோரும் காத்திருந்தது போலவே இருந்தது.

அவள் தலையைத் திருப்பி அவனைத் தேடினாள். அதற்குள் மருத்துவர், "முக்காதீங்க, மூச்சை ஊதி ஊதி விடுங்க" என்று கத்தினார். இரண்டாவது குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவர் கையை உள்ளே விட்டு அதைத் திருப்பி முடிக்கும்வரை, முக்கத் துடிக்கும் உடம்பை அவள் அடக்கிக்கொண்டு கிடந்தாள். அவள் உதடு கடிபட்டு ரத்தம் வந்தது. பிறகு கால் முதலாக, நீலம் பாய்ந்த உடம்போடு ஒரு பெண் குழந்தை வந்தது. தட்டித் தேய்த்த பிறகு மெலிதாகச் சத்தம் கொடுத்தது. "இது உசுரோட இருக்குதுங்களா?" என்று மட்டும் ராஜி கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு ரத்தம் கொட்டத் தொடங்கியது.

ரத்தம் ஏற்றி ஓரளவு நின்றபின், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன் அவள் பையனைக் கேட்டாள். மாமியார் தடுத்தார். "வேண்டாம் அம்மணி. பாத்தா மனசு தாங்காது. அப்படியே போகட்டும்."

"எட்டு மாசம் எங்கூட இருந்தானுங்க அத்தை. பேரில்லாம எப்படிங்க அனுப்பறது?"

நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நான்தான் பிள்ளையை ராஜியின் முகத்தருகே பிடித்திருந்தேன். அவன் காதில் "முகிலன்" என்று சொன்னாள். மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். பின்னர் வந்த சிவகுமார் துணியை விலக்கிப் பார்க்கத் திராணியில்லாமல் அப்படியே வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்.

பெண்ணுக்கு நிலா என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய காதுகுத்து விசேஷத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, "அண்ணனை முழுங்கிட்டுப் பொறந்தவ" என்றாள். ராஜி பந்தியிலிருந்து எழுந்துவிட்டாள். "செத்தும் அவன் முன்னால வந்து வழி விட்டானுங்க. அதனாலதான் இவ வந்தா. இன்னொருக்கா இந்தப் பேச்சு பேசறதா இருந்தா எங்க ஊட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள்.

ஆனால் அந்தப் பிரசவம் அவள் சிறுநீரகங்களை விட்டுவைக்கவில்லை. வருடங்கள் போகப் போக அவை சுருங்கி, கடைசியில் டயாலிசிஸ் வரை வந்தது. ஊசி ஏறிய கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்ற கையால் விடைத்தாள் திருத்துவாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "அன்னைக்கு நடந்ததை நெனச்சா கோபம் வருமா?" என்று கேட்டேன்.

"வருமுங்க்கா. ஆரு மேலன்னுதான் தெரியல" என்றாள்.

ராஜியை எரித்துவிட்டுத் திரும்பிய அன்று அவர்கள் வீட்டில் கூட்டம் குறைந்தபின் நிலா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள்.

"பெரிம்மா, நம்மள்ல அம்மாவும் நீங்களும் மட்டுந்தான் முகிலனைப் பாத்திருக்கீங்கன்னு அம்மா சொல்லுவாங்க. அவன் எப்படி இருந்தானுங்க?"

சொன்னேன். தலை நிறைய முடி. அகலமான நெற்றி. இடது புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது, ராஜிக்கு இருப்பதைப் போல. தூங்குகிற பிள்ளை மாதிரிதான் இருந்தான். நிலா அசையாமல் கேட்டாள். முடித்ததும், மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

ராஜியிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது முகிலனின் அந்த முகம். அவளும் போனபின் அதைப் பார்த்தவள் அந்தக் குடும்பத்துக்கு நான் ஒருத்திதான். நிலா எப்போது கேட்டாலும் சொல்ல வேண்டும்.