உதடு அசையாமல் ஒரு பரீட்சை

எங்கள் தொழிலில் இப்போது யாரும் இயந்திரத்தைத் தொடுவதில்லை. இன்ன இயந்திரம் வேண்டும் என்று எழுதி அனுப்புகிறார்கள், அது எங்கோ உண்டாகிவிடுகிறது. தொட்டுப் பிழைத்தவர்களின் கதி என்ன என்று எவரும் எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

நான் பிரான்சில், சென் தெனி என்ற ஊரில், ஒரு சேர்வர் அறையில் கேபிள் இழுத்தவன். அதற்கு முன்பிருந்தே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சுவரொட்டி ஒட்டியவன், துண்டுப் பிரசுரம் எழுதியவன், ஊர்வலங்களில் முன்வரிசையில் நின்று தொண்டை கட்டியவன். பல்கலைக்கழகம் போனதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரசுரங்களில் படித்தது. அதில் எனக்கு வெட்கமில்லை. கூட்டங்களில் என்னிடம் வாதாடித் தோற்ற பட்டதாரிகள் இன்றும் தெருவில் என்னைக் கண்டால் மறுபக்கம் மாறுகிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் சான்றிதழ்ப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் தோழர்களே, இது உங்களுக்கு. மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பலாம்.

கேட்டால் கிடைக்கும் உலகம்

ஒருநாள் காலை எங்கள் தலைமை அதிகாரி மத்தியூ எல்லோரையும் கோப்பி குடிக்கும் அறைக்கு அழைத்தார். சேர்வர் அறை காலியாகப் போகிறது. இனி எல்லாம் கிளவுட், எங்கோ இருக்கும் வாடகை இயந்திரங்கள். அங்கே வேண்டியதைக் கையால் பூட்டுவதில்லை, கணினி நிரலாக, அதாவது கோடாக, எழுதுவது. கோடை விடுமுறை முடிவதற்குள் அதற்கான சான்றிதழ் எடுப்பவர்கள் புதிய அணியில் சேரலாம். மற்றவர்களுக்கு ஒரு தீர்வு காணப்படும். பிரான்சில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், தீர்வு என்றால் வேலைநீக்கம்.

பிறகு திரையில் செய்து காட்டினார். ஒரு கோப்பில் சில வரிகள்: இரண்டு சேர்வர், ஒரு நெற்வேர்க், ஒரு ஃபயர்வால். ஒரு கட்டளை கொடுத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை உண்டாகிவிட்டன. நான் கைகட்டித்தான் நின்றேன். என் வாழ்நாளெல்லாம் நானும் இதைத்தானே எழுதினேன்? வேண்டும், வேண்டும், வேண்டும் என்று. எழுதியதற்காக ஒரு தெருவிளக்குக்கூட எரிந்ததில்லை.

நான் எங்கள் பகுதியில் சின்டிக்காவின், அதாவது தொழிற்சங்கத்தின், பிரதிநிதி. மறுநாளே பிரசுரம் தயார். ‘பரீட்சை வேண்டாம்! வேலை நேரத்தில் பயிற்சி வேண்டும்! எல்லோருக்கும் இடம் வேண்டும்!’ என்று கோப்பி மெசினின் நெற்றியில் ஒட்டினேன். மத்தியூ அதன் முன்னால் நின்று கடைசி வரிவரை வாசித்தார். ஒரு பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “மெஸ்யே சிவா, என்ன வேண்டும் என்று மட்டும் எழுதி, எப்படிச் செய்வது என்பதை விட்டுவிட்டீர்கள், பரீட்சையும் இதைத்தான் கேட்கிறது.”

அட்டை மாறிய புத்தகம்

ஊரில், இளவயதில், இரசாயனப் புத்தகத்துக்குள் இயக்கப் பிரசுரத்தை ஒளித்து வாசித்தவர்கள் நாங்கள். இப்போது தலைகீழ். பரீட்சைக்கான வழிகாட்டியை அச்செடுத்து, பழைய மே தினப் பிரசுரம் ஒன்றின் அட்டைக்குள் வைத்து, RER D ரயிலில் வாசித்துக்கொண்டு போனேன். நான் பெயர் கொடுத்த விடயம் என் மனைவி சறோவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பரீட்சை வேண்டாம் என்று எழுதிய மை இன்னும் காயவில்லை. அதற்குள் பயம் வந்துவிட்டது. இந்த வயதில் கேபிள் இழுப்பவனை யார் எடுப்பார்கள்? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் உணவகங்களில் கோப்பை கழுவினேன். அந்த முழங்கால்கள் இப்போது என்னிடம் இல்லை.

ரோசலின் எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்ததை நான் கவனிக்கவில்லை. எங்கள் பகுதிக்கு வரும் முறைப்பாடுகளைப் பதிவு செய்பவர் அவர். புதுச்சேரிக்காரர், ஞாயிறு பூசை தவறாதவர், என் பிரசுரத்துக்குப் பிரதி எடுத்துத் தந்தவரும் அவரே. குனிந்து அட்டையைப் பார்த்தார், பிறகு உள்பக்கத்தைப் பார்த்தார். “மே தினத்துக்குள்ள என்ன அண்ணே, இங்கிலீஷ்ல கோடு கோடா படம்?” என்றார். எதிர்க்க வேண்டிய ஒன்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஒரு விளக்கம் தொடங்கினேன். நல்ல விளக்கம். ஒரு கூட்டத்தில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். ரோசலின் சென் தெனி வரும்வரை பொறுமையாகக் கேட்டார். கதவு திறந்ததும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “அண்ணே, நீங்க மட்டும் படிச்சா அது துரோகம்; நானும் மமதுவும் கூட உக்காந்தா அது சின்டிக்கா.”

மதியச் சாப்பாட்டு வட்டம்

மமது மாலி நாட்டுக்காரர். என்னோடு கேபிள் இழுப்பவர், என்னைக் கமராத், தோழர், என்றே கூப்பிடுபவர். தேவைக்குமேல் ஒரு சொல் பேசமாட்டார். மூவரும் மதியத்தில் கோப்பி அறையில் உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்த படிப்பு முறை ஒன்றுதான்: ஒருவர் உரத்து வாசிப்பார், மற்றவர்கள் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்கள், பிறகு விவாதம். பரீட்சை ஆங்கிலத்தில். நான் வாசிப்பேன், ரோசலின் அதைப் பிரெஞ்சில் சொல்வார், மமது வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வார், நான் இன்னொரு முறை தமிழில் முணுமுணுத்து விழுங்குவேன். மத்தியூ இரண்டொரு தடவை எட்டிப் பார்த்தார். வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தம் என்று நினைத்திருக்க வேண்டும், கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

பயிற்சிப் பரீட்சைகளில் அவர்கள் இருவரும் மெல்ல மெல்லத் தேர்ச்சிக் கோட்டைத் தாண்டினார்கள். நான் எப்போதும் கோட்டுக்குக் கீழே. காரணம் அறியாமை அல்ல. ‘ஒரு நிறுவனம் செலவைக் குறைக்க விரும்புகிறது, கீழே உள்ளவற்றில் மிகச் சிறந்த வழி எது’ என்று கேட்டால் எப்படிச் சும்மா இருப்பது? யாருடைய செலவு? யாருக்குச் சிறந்தது? சரி என்று சொல்லப்பட்ட விடையிலும் எத்தனை பேர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்? நான் அதை விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இரவில் படுத்தாலும் அந்த நான்கு விடைகளும் நான்கு முதலாளிகளைப்போல வரிசையாக வந்து நின்றன. ஒருநாள் ரோசலின் கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னார்: “அண்ணே, மொதல்ல கேள்விக்குப் பதில் சொல்லுங்க, கேள்வி கேட்டவனுக்கு அப்புறமா சொல்லிக்கலாம்.”

தடயம் அழித்தவன்

சேர்வர்களை உண்டாக்க நாங்கள் படித்த மென்பொருள் கருவிக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் கட்டியதையெல்லாம் ஒரு கோப்பில் குறித்து வைக்கும். அதற்கு ஸ்டேட் ஃபைல் என்று பெயர். எந்தச் சேர்வர், எந்த முகவரி, சில வேளை கடவுச்சொல்கூட அப்படியே இருக்கும். அடுத்த முறை கட்டளை கொடுக்கும்போது அதைப் பார்த்துத்தான், எது ஏற்கனவே இருக்கிறது, எதைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்யும்.

பயிற்சிக்கென்று மத்தியூ திறந்து தந்த கிளவுட் கணக்கில் அதே இரண்டு சேர்வர், ஒரு நெற்வேர்க், ஒரு ஃபயர்வால் வேண்டும் என்று நானே எழுதி, அவை உண்டானதும் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பெயர், முகவரி, எல்லாம் வெட்டவெளிச்சமாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் இயக்கத்தில் முதல் பாடமே இதுதான்: பெயரும் முகவரியும் உள்ள தாளை வாசி, மனதில் வை, எரி. உடனே அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மமது அதே கணினியில் அதே கட்டளையைக் கொடுத்தார். எதுவும் ஞாபகமில்லாத கருவி எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை கட்டியது. பழையவை உரிமை கோர ஆளில்லாமல் தம்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தன. அன்று மாலையும் நான் கடமை தவறாமல் அழித்தேன். மூன்றாம் நாள் மூன்றாவது குடும்பம். செலவு ஏறுகிறது என்று மத்தியூவுக்கு எச்சரிக்கை போனபோது கணக்கு முழுக்க அனாதைச் சேர்வர்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மூடினோம். பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்க, அரிச்சுவடியே எனக்கு ஏறவில்லையா என்று வழிகாட்டியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஏன் அழித்தேன் என்று சொன்னேன். மத்தியூவுக்கு விளங்கவில்லை. மமதுவுக்கு விளங்கியது. என் தோளில் கைவைத்துச் சொன்னார்: “கமராத், சேர்வர்களைப் பொலிஸ் தேடவில்லை.”

ரோசலினின் உதடு

இந்தப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். எங்கோ இருக்கும் ஒருவர் கமெராவழியாக நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, தாள் இருக்கக்கூடாது, பேசக்கூடாது. மமது முதலில் எழுதினார், தேறினார். சாப்பிடும்போதே அந்த மனிதரின் வாய் அசைவது தெரியாது. அடுத்தது ரோசலின். பக்கத்து ஊரான பியர்ஃபித்தில் அவர் வீட்டில் எழுதினார். பாதி தாண்டுமுன் எச்சரிக்கை வந்தது: உதடு அசைகிறது. மறுபடி ஒன்று. மூன்றாம் முறை திரை அணைந்துவிட்டது. கேள்விகளை யாருக்கோ சொல்லிக் கொடுக்கிறார் என்று கண்காணிப்பவர் நினைத்துவிட்டார். ரோசலின் செய்ததெல்லாம் எங்கள் வட்டத்தில் படித்தபடி வாசித்ததுதான்: ஆங்கிலத்தில் ஒரு தரம், பிரெஞ்சில் ஒரு தரம், வாய்க்குள். பழக்கியவன் நான்.

மறுநாள் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஏசவில்லை. “வாங்க அண்ணே, லெத்தர் எழுதுவோம்” என்றார். பரீட்சை நடத்துபவர்களுக்கு எழுதினோம். கோரிக்கை எழுதுவது என் தொழில். இன்னொரு தேதி கிடைத்தது, என்னுடையதற்கு ஒரு வாரம் முன்பு.

அன்றிலிருந்து எங்கள் வட்டம் ஊமை வட்டம். மூடிய வாயுடன் நானும் ரோசலினும் வாசிப்போம். தேறிவிட்ட மமது எதிரே உட்கார்ந்து எங்கள் உதடுகளைக் காவல் காப்பார். அசைந்தால் மேசையில் ஒரு தட்டு. என் பக்கம்தான் அதிகம் தட்டினார். வாய்க்குள் போகாத சொல் எனக்கு மண்டைக்குள்ளும் போக மறுத்தது. ஒரு பந்தியை முடிப்பதற்குள் வியர்த்துவிடும். கீழுதட்டைக் கடித்தபடியே ரோசலின் இரண்டாம் முறை எழுதித் தேறினார். இனி மிஞ்சியவன் நான் ஒருவன், பிரசுரம் எழுதியவன். அந்த வாரம் மத்தியூ வழக்கம்போல் எட்டிப் பார்த்தார். மூன்று பேர், ஒரு சத்தமில்லை. வாசலிலேயே நின்று சொன்னார்: “மெஸ்யே சிவா, நீங்கள் சத்தம் போட்டபோது எனக்குப் பயம் இருக்கவில்லை, இப்போது இருக்கிறது.”

வெறும் சுவர்

சுவரில் எழுத்து எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி. எங்கள் வீட்டுச் சுவர்களில் நான் சேர்த்த சுவரொட்டிகள். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவை இருந்த இடம் மட்டும் வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. சறோ பார்த்துக்கொண்டு நின்றார். “கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் கழட்டச் சொல்லுறன், கழட்டேல்லை. ஆரோ முகம் தெரியாதவன் சொன்ன உடனை கழட்டுறியள்” என்றார். பிறகு ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், ஒருவரும் மணியடிக்காதபடி படிக்கட்டு வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

கண்காணிப்பவர் திரையின் மூலையில் ஒரு சிறிய பெட்டிக்குள் எழுதினார். அடையாள அட்டையைக் காட்டு. நான்கு சுவரையும் காட்டு. மேசைக்குக் கீழே காட்டு. ஊர்வலங்களில் பொலிஸ் படமெடுத்தால் பதாகையால் முகம் மறைத்த நான், கணினியைக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியிலும் காட்டினேன். “சுவரில் அந்த அடையாளங்கள் என்ன?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை, முன்பு படங்கள் இருந்தன” என்று எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய மிகக் கோழைத்தனமான வசனம் அது.

தொடக்கத்திலேயே முதல் எச்சரிக்கை வந்துவிட்டது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினேன். பாதி வழியில் ஒரு கேள்வி: ‘ஒருவர் ஸ்டேட் ஃபைலை அழித்துவிட்டுக் கட்டளை கொடுத்தால் கருவி என்ன செய்யும்?’ வாசித்து முடிக்குமுன் கை விடையை அழுத்திவிட்டது. ஆனால் என்னை அறியாமல் வாய் ‘அனாதை’ என்று சொல்லிவிட்டது. இரண்டாம் எச்சரிக்கை. இன்னொன்று வந்தால் திரை அணையும், அதோடு வேலையும். கீழுதட்டைப் பல்லுக்கு இடையில் பூட்டினேன். செலவைக் குறைக்க விரும்பும் அந்த நிறுவனமும் வந்தது. யாருடைய செலவு என்று கேட்க வாய் இல்லை. அவர்கள் விரும்பிய விடையைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். முடிவுப் பொத்தானை அழுத்தினேன். தேறினேன் என்று வந்தது. உதட்டில் இரத்தம் உப்புக் கரித்தது. மூலைப் பெட்டியில் கண்காணிப்பவரின் கடைசி வரி: “பரீட்சை முடிந்தது, ஐயா, இப்போது நீங்கள் பேசலாம்.”

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சறோ கதவைத் திறந்து, “என்னப்பா, பெயிலோ?” என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அன்றே சுவரொட்டிகளைத் திரும்ப மாட்டினேன்; மே தினச் சுவரொட்டி சற்றுச் சரிந்து நிற்கிறது. விடுமுறை முடிந்து நாங்கள் மூவரும் புதிய அணியில் இருக்கிறோம். சான்றிதழ் எடுக்காதவர்களுக்கு வேலை நேரத்தில் பயிற்சி வேண்டும் என்று எழுதிய புதிய பிரசுரம் கோப்பி மெசினின் நெற்றியில் பதிலுக்குக் காத்திருக்கிறது.

தோழர்களே, வாழ்நாள் முழுக்க நான் எழுதிய கோரிக்கைகளில் கேட்டபடியே நிறைவேறியது இதுவரை ஒன்றுதான்: இரண்டு சேர்வர், ஒரு நெற்வேர்க், ஒரு ஃபயர்வால்.