அறுந்தாலும் தெரியக் கூடாது

அம்மன் பிள்ளைகள் எல்லாருக்கும் தச்சநல்லூர் சுடலைமுத்துவின் வணக்கம். நம்முடைய தசராக் குழு மலரில் ஆளுக்கு ஒரு அனுபவம் எழுத வேண்டும் என்றார்கள். எனக்கு முன்னால் எழுதியவர்களில் ஒருவர் நல்ல பாம்பு கடித்துப் பிழைத்தவர். இன்னொருவர் படகு கவிழ்ந்து கடலில் கிடந்து மீண்டவர். அதையெல்லாம் படித்துவிட்டு இதைப் படித்தால் சப்பென்று இருக்கும். ஏனென்றால் எனக்கு முத்தாரம்மன் செய்த அற்புதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. நடக்காததுதான் அற்புதம்.

தச்சநல்லூரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் கணினித் தேர்வு மையம் இருக்கிறது. அரசு வேலைக்கான பரீட்சைகளை அங்கே கம்ப்யூட்டரில் எழுத வருவார்கள். நூறு கம்ப்யூட்டர், வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் லைன், அந்த லைனை வாங்கி நூறுக்கும் பிரித்துக் கொடுக்கிற ரூட்டர், எல்லாம் என் பொறுப்பு. நல்லபடியாக ஓடினால் என்னை யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் என் பெயர் ஊருக்கே தெரியும்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெயர் ஊருக்கே தெரிந்தது. பரீட்சை தொடங்கி நாற்பது நிமிடம் இருக்கும். தெருமுனையில் குழி தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபி, மண்ணோடு சேர்த்து எங்கள் லைனையும் அள்ளிப் போட்டது. நூறு திரையும் ஒன்றாக நின்றன. பரீட்சை புரோகிராம் அரை நிமிடம் பொறுக்கும். அதற்குள் லைன் திரும்பி வராவிட்டால் எழுதுகிறவரை வெளியே தள்ளிவிடும். மண்ணுக்குள் போனதை விட்டுவிட்டு மேலாகப் புதிதாக லைன் இழுத்துத் தர மூன்று மணி நேரம் ஆனது. பரீட்சை ரத்து.

திட்டினார்கள். என் அம்மாவை, அப்பாவை, படித்த பள்ளிக்கூடத்தை எல்லாம் சேர்த்துத் திட்டினார்கள். நான் ரூட்டர் இருக்கிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து யாரோ பைய கதவைத் தட்டினார்கள். ஒரு பெண். பெயர் பேச்சியம்மா, ஊர் சீவலப்பேரி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டே படித்தவள். விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள்.

"சார், இந்தப் பரீட்சய விட்டா எனக்கு வேற இல்ல. வயசு முடிஞ்சிரும். மறுபடி வைக்கையில லைன் போவாதுல்லா?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

நாலு நாளில் கடிதம் வந்தது. அதே மையத்தில் வைகாசியில் மறுதேர்வு. அப்போதும் தடைபட்டால் மூன்றாவது வாய்ப்பு கிடையாது, அதுவரை எழுதிய விடைக்கு மட்டும்தான் மதிப்பெண். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கண்ணை மூடினால் ஜேசிபிதான் வந்தது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் குலசைக் கோயில் முத்தாரம்மன் படத்துக்கு முன்னால் நின்று அழுதே விட்டேன். "அம்மா, லைன் அறுந்து போகக் கூடாது. காப்பாத்து. தசராவுக்கு வேஷம் கட்டி உன் வாசலுக்கு வாரேன்" என்று வேண்டினேன். பின்னால் என் மனைவி இசக்கியம்மாள் வாளியோடு நின்றிருந்தாள்.

"இப்பிடியா கேப்பாவ?" என்றாள். "அறுந்து போகக் கூடாதுன்னு கேக்கீய. நம்ம தெருவுல அறுந்து போகாத லைன் எது இருக்கு? அவளுக்கே சங்கடமா இருக்கும். அறுந்தாலும் தெரியக் கூடாதுன்னு கேளுங்க."

அவள் பத்தாம் வகுப்புப் படித்தவள். நான் நெட்வொர்க்கில் சான்றிதழ் வாங்கியவன். அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றவில்லை. வேண்டுதலைத் திருத்தி மறுபடி கேட்டேன். "என்ன வேஷம்?" என்று இசக்கி கேட்டாள். "ராஜா வேஷம்" என்றேன். "கம்பத்துல ஏறிக் கேபிளப் பிடிச்சு இழுக்கவருக்கு ராஜா வேஷமா? கொரங்கு வேஷம் கட்டுங்க" என்று அதையும் அவளே முடிவு பண்ணிவிட்டாள்.

அறுந்தாலும் தெரியக் கூடாது என்றால் இரண்டு கம்பெனியின் லைன் வேண்டும். இரண்டு ரூட்டர் வேண்டும். ஒன்று விழுந்தால் மற்றது யாரும் சொல்லாமலே எழுந்து வேலையைப் பார்க்க வேண்டும். இதை முதலாளியிடம் சொன்னேன். கீழே பாத்திரக்கடையும் அவருடையதுதான். அவரும் தம்பியும் மாறி மாறிக் கல்லாவில் உட்காருவார்கள்.

"ஏலே சுடலை, ஒண்ணு நல்லாத்தான ஓடுது? இன்னொண்ணு எதுக்குலே? சும்மா உக்காந்திருக்கவா?"

நாங்கள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது கடை வாசலில் ஓர் அம்மா, "அண்ணாச்சி, இட்லிக் கொப்பரை இருக்கா?" என்று குரல் கொடுத்தார். கல்லாவிலிருந்து தம்பி, "இருக்கு, உள்ள வாங்க" என்றார். அம்மன் எனக்கு வாயைத் திறந்து விட்டது அங்கேதான்.

"அண்ணாச்சி, அந்தம்மா இப்ப யாரக் கூப்பிட்டாவ?"

"என்னத்தான்."

"பதில் சொன்னது?"

"தம்பி."

"ஆளு மாறினது அவுகளுக்குத் தெரியுமா?"

"அவுகளுக்கு என்னலே? கொப்பரை கிடைச்சாச் சரி."

"அதுக்குத்தான் அண்ணாச்சி ரெண்டாவது ரூட்டரு."

இரண்டு ரூட்டருக்கும் தனித்தனி முகவரி உண்டு. ஆனால் கம்ப்யூட்டர்களுக்கு அதைச் சொல்லித் தர மாட்டோம். பொதுவாக ஒரு முகவரி வைத்து அதை மட்டும் சொல்லித் தருவோம். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டால் கல்லாவில் யார் இருக்கிறாரோ அவர் பதில் சொல்வார். பெரியவர் இருக்கும்வரை தம்பி ஒதுங்கி இருப்பார். பெரியவர் சாப்பிடப் போனால் தம்பி உட்காருவார், அவர் சாப்பிட்டு வந்தால் எழுந்து இடம் கொடுப்பார். முதலாளி யோசித்தார். "அப்ப எந்தம்பி மாதிரி ஒண்ணு வாங்குதோம். அவன மாதிரி மணிக்கொரு டீ குடிக்காம இருந்தாச் சரி" என்றார்.

இரண்டாவது ரூட்டரும் அதற்கு வேறு கம்பெனி லைனும் வந்தன. சோதித்துப் பார்க்க முதல் ரூட்டரின் சுவிட்சை அணைத்தேன். மூன்று நொடியில் இரண்டாவது எழுந்துகொண்டது. முதலாளி கைதட்டினார். நான் வீட்டுக்குப் போய் இசக்கியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு ஜேசிபி ரூமுக்குள்ள வந்து சுவிச்சயா அணைச்சுது?"

மறுநாள் சுவிட்சை விட்டுவிட்டு வெளி லைனைப் பிடுங்கிப் பார்த்தேன். நூறு திரையும் நின்றன. இரண்டாவது ரூட்டர் அசையவே இல்லை. காரணம் இதுதான்: முதல் ரூட்டர் நொடிக்கு ஒரு தடவை "நான் இருக்கேன்" என்று மற்றதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். லைன் போனாலும் அதற்கு உயிர் இருக்கிறதே, ஆகவே அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது. சரக்கு வைக்கிற கிட்டங்கியில் ஒரு கரண்டிகூட இல்லை, பெரிய அண்ணாச்சி மட்டும் கல்லாவில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். தம்பி எப்படி எழுந்து வருவார்? ஆள் இருந்தால் போதாது, சரக்கு இருக்க வேண்டும். அதனால் முதல் ரூட்டருக்கு ஒரு கட்டளை போட்டேன். வெளியே இருக்கும் ஓர் இடத்தை நொடிக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பார். மூன்று தடவை பதில் வராவிட்டால் நீயாகவே தம்பிக்குக் கீழே இறங்கிக்கொள். இப்போது வெளி லைனைப் பிடுங்கினால் நாலைந்து நொடியில் தம்பி கல்லாவுக்கு வந்தார்.

அதோடு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனபோது தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். இரண்டு கம்பெனிக்காரர்களும் லைனை ஒரே வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். கட்டின கயிறுகூட ஒன்றுதான். ஒரு கிளை முறிந்தால் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே விழுவார்கள். டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். இரண்டாவது லைனைப் பின் தெரு வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தோம். நடுவில் ஒரு வீட்டு மொட்டைமாடியைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த வீட்டு அக்கா, கேபிளின் நிழல் வடகத்தில் விழக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். என்னை அண்ணாந்து பார்க்க வைத்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள். நான் நாற்பது வருஷத்தில் அந்த மரத்தை ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்தவன் இல்லை.

மறுதேர்வு நாள் வந்தது. பேச்சியம்மாவுக்கு ரூட்டர் அறைக் கதவோரத்து இருக்கை. என்னைப் பார்த்ததும், "சார், லைன்?" என்று மட்டும் கேட்டாள். "முத்தாரம்மா இருக்கா. நீ எழுது" என்றேன். சொல்லிவிட்டு இரண்டு ரூட்டரின் விளக்கையும் இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் ஒழுங்காகப் போனது. நான் ஜன்னலோரம் நின்றேன். முதல் லைன் கண்ணுக்கு நேரே தெரியும் இடம் அது. அப்போது வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று தெருவுக்குள் திரும்பியது. பாரம் மாடி உயரத்துக்கு இருந்தது. கத்தலாம் என்றால் உள்ளே பரீட்சை. கையை ஆட்டினேன். டிரைவர் தெரிந்தவர் யாரோ என்று அவரும் கையை ஆட்டிவிட்டுப் போனார். லைன் வைக்கோலில் சிக்கி, விறைத்து, டப்பென்று அறுந்தது.

ரூட்டர் அறைக்குள் ஓடினேன். முதல் ரூட்டரின் விளக்கு சிவப்பு. ஒன்று. பேச்சியம்மாவின் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது கதவிடுக்கில் தெரிந்தது. இரண்டு. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். மூன்று. எனக்குக் கட்டளை, முகவரி, சான்றிதழ் எல்லாம் மறந்துபோனது. "அம்மா" என்பது மட்டும் வாயில் வந்தது. நாலு. அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து. தம்பியின் விளக்கு பச்சையானது. வட்டம் போய்விட்டது. பேச்சியம்மா அடுத்த கேள்விக்குப் போனாள்.

அவ்வளவுதான். ஒருத்தரும் தலை நிமிரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். தூசியில் தும்மல் வேறு வந்தது.

பரீட்சை முடிந்து முதலாளி மேலே வந்தார். "என்னலே, இன்னைக்கு ஒண்ணும் நடக்கலியே? ரெண்டாவது ரூட்டரு தண்டமாப் போச்சோ?" என்றார். அவரை இழுத்துப்போய், தெருவில் அறுந்து கிடந்த லைனையும் சிந்திக் கிடந்த வைக்கோலையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இது இப்பிடிக் கிடக்கையிலயும் பரீட்ச நடந்துச்சுன்னா, இந்த லைனே தேவையில்ல போலயே" என்றார். அவருக்குப் புரிய வைக்க எனக்கு இன்னொரு வேண்டுதல் தேவைப்படும்.

பேச்சியம்மா போகும்போது சொன்னாள்: "போன வாட்டி உங்களுக்கு நேரம் சரியில்ல சார். இன்னைக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

வீட்டில் இசக்கியிடம் புலம்பினேன். இவ்வளவு பெரிய அற்புதம் நடந்திருக்கிறது, ஒரு ஆளுக்கும் தெரியவில்லையே என்றேன். "தெரியக் கூடாதுன்னுதான கேட்டோம்? கேட்டதக் கேட்டபடியே குடுத்திருக்கா. பெறகு என்ன?" என்றாள்.

புரட்டாசியில் மாலை போட்டு விரதம் இருந்து குரங்கு வேஷம் கட்டினேன். உடம்பெல்லாம் சணல் முடி, முகமூடி, முக்கால் ஆள் நீளத்துக்கு ஒரு வால். நம் குழுவோடு மேளம் தட்டி ஊர் ஊராகத் தர்மம் எடுத்தது உங்களுக்கே தெரியும். சீவலப்பேரியில் ஒரு நாய் என் வாலைப் பிடித்துக்கொண்டு விடாததும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்த நாயிடமிருந்து தப்பிப் போய் நான் நின்ற வாசல் பேச்சியம்மாவுடையது.

அவள் காணிக்கையும் ஒரு வாழைப்பழமும் கொண்டுவந்தாள். "கொரங்குச் சாமிக்குப் பழம்" என்று தட்டில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"தாயி, பரீட்ச என்னாச்சு?"

"பாஸாயிட்டேன் சாமி. வேல வந்துட்டு. அடுத்த வாரம் சேருதேன்." சொல்லிவிட்டுக் கண்ணை அகல விரித்தாள். "நான் பரீட்ச எழுதுனது சாமிக்கு எப்பிடித் தெரியும்?"

முகமூடியைக் கழற்றியிருக்கலாம். லைன் அறுந்ததையும் ஐந்து நொடியையும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேண்டுதல் ஞாபகம் வந்தது.

"அம்மா சொன்னா" என்றேன்.

"ஆமா சாமி. மொத வாட்டி லைன் அறுந்து பாதியில போச்சு. ரெண்டாவது வாட்டி ஒண்ணுமே நடக்கல. எல்லாம் அவ புண்ணியம்."

"ஆமா தாயி. ஒண்ணுமே நடக்கல" என்றேன். முகமூடிக்குள் கண்ணீர் வந்தால் துடைக்க வழியில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

குலசையில் சுவாமியும் அம்மனும் ஒரே பீடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். நாம் கூப்பிடுவது அம்மா என்று. அங்கிருந்து எழுந்து வருவது யார் என்று நான் கேட்பதில்லை. வந்தால் சரி.

முன்பெல்லாம் ஏதாவது உடைந்தால்தான் சாமி ஞாபகம் வரும். இப்போது ஒரு நாள் முழுக்க ஒன்றும் நடக்காமல் போனால் வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றுகிறேன். இசக்கிக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன், அவளுக்குத் தெரியாமல். கஷ்டத்தில் இருக்கும் அம்மன் பிள்ளைகளே, நீங்களும் அவளைக் கூப்பிடுங்கள். கேட்பதைச் சரியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா உட்காராமல், இரண்டாவது லைனை வேறு தெரு வழியாகக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் உங்கள் வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றினால், கொஞ்சம் வெளியே போய்ப் பாருங்கள். தெருவில் வைக்கோல் சிந்திக் கிடக்கும்.